பையைக் கொட்டச் சொன்னது யார்? நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளப் பிரிவின் தலைவருக்கும், பாதுகாப்புப் பிரிவின் தலைவருக்கும்,

"அன்று நடந்தது அனைத்தும் நிறுவன நடைமுறைப்படியே நடந்தது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." நான் வேலையை விட்ட கடைசி நாளில் வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் என் பையைக் கொட்டிச் சோதித்தது பற்றி நான் கொடுத்த புகாருக்கு உங்களிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான். அந்த நடைமுறை எது, எங்கே எழுதியிருக்கிறது, யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. அப்புறம், உள்ளே இன்னும் வேலை பார்க்கிற நண்பர்கள் மூலம் ஒரு விஷயம் தெரியவந்தது. இனிமேல் வேலையை விட்டுப் போகிற ஒவ்வொருவரையும் இதே மாதிரி சோதித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று காவலர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறீர்களாம். என் ஒருத்தியோடு முடிந்திருந்தால் எப்படியோ விழுங்கிக்கொண்டு போயிருப்பேன். இனி எல்லோருக்கும் இதுதான் என்று நீங்கள் முடிவெடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தவுடன் உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு நிறுவனங்களில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் படித்தாலும், பலருக்குத் தங்கள் வாசலில் நடப்பதுதான் ஞாபகத்துக்கு வரும் என்று நினைக்கிறேன்.

நடந்ததை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிலில் அது ஒரே வரியில் முடிந்துபோயிருக்கிறது.

நான் பேப்பர் போட்டது, அதாவது ராஜினாமா கொடுத்தது, முறைப்படி. நோட்டீஸ் காலத்தைக் குறைத்துத் தரச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. என் இடத்துக்கு வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சம்பளக் கணக்கை மாதக் கடைசியில் எப்படி முடிப்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். லேப்டாப், சார்ஜர், ஹெட்செட் எல்லாம் ஐடி பிரிவில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். நோ டியூஸ் படிவத்தில் எல்லாப் பிரிவுகளும் கையெழுத்துப் போட்டன. இவரிடமிருந்து எங்களுக்கு எதுவும் பாக்கி இல்லை என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த பிறகுதான், இனி நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது.

படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்து கதவில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. பையும் கைப்பேசியும் உள்ளே என் மேசையில். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். காலையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். கதவிலேயே ஒட்டியிருக்கிறதே, "கார்டு இல்லாதவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டாம்" என்று. அதைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் கார்டை எந்த நேரத்தில் முடக்குவது என்று யாரும் யோசிக்காததுதான் குறை. கட்டடத்தை விட்டு வெளியே போகும்போது வாசலில் வாங்கிக்கொண்டு முடக்கியிருந்தால் போதும்.

இரண்டு காவலர்கள் வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். மேசை வரைக்கும் கூடவே வந்தார்கள். நான் டிராயரைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுக்க, ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளம் முழுக்கப் பேச்சு அடங்கிவிட்டது. விடைபெறலாம் என்று எழுந்து வந்த ஒருவரை, "அப்புறம் பேசிக்குங்க சார்" என்று காவலர் தடுத்தார். இத்தனை வருஷம் கூட உழைத்தவர்களிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே நடத்தப்பட்டேன். அன்று இரவே ஒரு தோழி கேட்டாள்: "என்னடி ஆச்சு? எதையோ எடுத்துட்டேன்னு மாட்டிக்கிட்டதா பேசிக்கிறாங்க." அப்படிப் பேசியவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஒருத்தியை நடத்திக் கூட்டிக்கொண்டு போனால், பார்க்கிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

வரவேற்பறையில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளே வருகிறவர்கள் ஒரு வரிசை, வெளியே போகிறவர்கள் ஒரு வரிசை. அந்த நடுக்கூடத்தில் இருக்கிற மேசையில்தான் என் பையைக் கொட்டச் சொன்னார்கள். தனியறை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பெண் காவலர் இல்லையா என்று கேட்டேன். "டியூட்டி முடிஞ்சு போயிட்டாங்க மேடம்" என்றார்கள். சரி, நானே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பெயரை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்து, "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டார் காவலர்களின் சூப்பர்வைசர். எனக்கு என்ன உடம்பு என்று என் மேலாளருக்கே தெரியாது. அன்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. நாப்கின் பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் பதிலில் "நடைமுறை" என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அம்மாவின் ஸ்கேன் படங்கள் அதில் இருந்தன. அலுவலகம் முடிந்து நேராக மருத்துவரிடம் போவதற்காக எடுத்து வந்திருந்தேன். பென் டிரைவ் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நம் அலுவலகத்தில் எங்கும் அறிவிப்பு இல்லை, காலையில் வாசலில் யாரும் கேட்டதும் இல்லை. எங்கள் லேப்டாப்பில் யூஎஸ்பி வழியையும் ஐடி பிரிவு எப்போதோ மூடிவிட்டது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சூப்பர்வைசர் அதை வாங்கி, வருகையாளர் பாஸ் அடிக்கிற கணினியில் செருகினார். பெரிய திரையில் அம்மாவின் ஸ்கேன் படங்கள், பெயர், வயதோடு வரிசையாகத் திறந்தன. ஐடி பிரிவிலிருந்து ஒருவரை வரச் சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் டைம் ஆகும்" என்றார்.

அப்புறம் கைப்பேசி. கேலரியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். முடியாது என்றேன். அலுவலக மெயில் இருந்த செயலியை ஐடி பிரிவு அன்று மதியமே தொலைவிலிருந்து அழித்துவிட்டது, மிச்சம் இருப்பது என் குடும்பப் படங்கள் மட்டும்தான் என்று விளக்கினேன். மனிதவளப் பிரிவுக்கு அழைத்தேன். எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க. இல்லேன்னா ரிலீவிங் லெட்டர் ஹோல்டுல போயிடும்." அடுத்த இடத்தில் வேலைக்குச் சேர அந்தக் கடிதம் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. அதைக் காட்டி மிரட்டி வாங்குகிற ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? ஆனாலும் கைப்பேசியைத் தரவில்லை.

கடைசியாக நோட்டுப் புத்தகம். நான் கடையில் வாங்கி, என் கைப்பட எழுதி வந்த நோட்டு. அம்மாவின் மாத்திரை நேரங்கள், வீட்டுக் கணக்கு, அவ்வப்போது மனதில் தோன்றியவை. என் மேலாளரைக் கீழே வரச் சொன்னேன். நல்ல மனிதர், உடனே வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அலுவலகம் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை, கொடுத்துவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சூப்பர்வைசர் தரவில்லை. "மேல கேட்டுட்டுத் தர்றோம்" என்று எடுத்து உள்ளே வைத்தார். ரசீது கேட்டேன், கொடுக்கவில்லை. இதை எழுதுகிற இந்த நாள் வரைக்கும் அந்த நோட்டு என் கைக்கு வரவில்லை.

பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். "சோதனைக்கு முழுச் சம்மதம் தருகிறேன்" என்று அதில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் "என் சம்மதம் இல்லாமல் சோதனை செய்தார்கள், என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேடு உங்களிடம் இருக்கிறது. கூடத்தில் சிசிடிவி இருக்கிறது. நான் சொல்வதில் ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்து நீங்களே சொல்லலாம்.

அன்று வாசலில் நின்ற வயதான காவலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்கிறவர். எனக்கு அவர் அண்ணன் மாதிரி, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பொருள்களைத் திரும்பப் பைக்குள் வைக்க உதவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதம்மா. ஒண்ணையும் விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. விட்டா என் வேலை போயிடும்." அவர் உங்கள் ஊழியர்கூட இல்லை, ஒப்பந்த ஏஜென்சியின் ஆள். எழுதிய விதி என்று ஒன்று அவர் கையில் கிடையாது. எதைப் பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது, மறுத்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: ஏதாவது வெளியே போய்விட்டால் முதலில் பிடிபடுவது அவர். அந்த நிலையில் இருக்கிறவர் எல்லாவற்றையும் கொட்டித்தான் பார்ப்பார். என் கோபம் அவர் மீது இல்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அதையே நடைமுறை என்று கடிதத்தில் எழுதுகிற உங்கள் மீதுதான்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் தகவல்களை எடுத்துக்கொண்டு போவது உண்டு, அதைத் தடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்ததே சம்பளக் கணக்குப் பிரிவில். உங்கள் இருவரின் சம்பளம் உட்பட எல்லோருடைய சம்பளமும், யார் சம்பளத்தில் கடன் பிடித்தம் போகிறது, யாருக்கு நீதிமன்ற உத்தரவால் பிடிக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். என் தலைக்குள் இருக்கிற இதை எந்தக் காவலரும் மேசையில் கொட்டிப் பார்த்துவிட முடியாது. இத்தனை காலம் அது வெளியே போகாமல் இருந்தது என் நேர்மையால். அந்த நேர்மையை நம்பித்தான் மாதாமாதம் அந்தக் கோப்புகளை என்னிடம் தந்தீர்கள்.

நிஜமான ஓட்டை எங்கே இருந்தது என்றும் சொல்கிறேன். நான் வெளியே வந்து நாளானபிறகும், நிறுவனம் பயன்படுத்துகிற ஒரு வெளி இணையதளக் கணக்கின் ஓடிபி என் சொந்த எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கை என் எண்ணில் தொடங்கச் சொன்னது நிர்வாகம்தான். ஒப்படைப்புக் குறிப்பில் அதை மாற்ற வேண்டும் என்று நான் எழுதியும் வைத்திருந்தேன். யாரும் மாற்றவில்லை. வெளியே இருந்து உங்கள் ஐடி பிரிவுக்கு மெயில் அனுப்பி, தயவுசெய்து மாற்றுங்கள் என்று கேட்டதும் நான்தான். கெட்ட எண்ணம் உள்ள ஒருத்திக்கு அந்த ஒரு ஓடிபி போதும். என் மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்த பாதுகாப்பு, இதைப் பார்க்கவே இல்லை.

வரவேற்பறைச் சுவரில் ஐஎஸ்ஓ 27001 என்கிற, தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையின் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அந்த மேசைக்கு நேர் மேலே. அந்தத் தரநிலையின் 2022 பதிப்பு தன் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகளை எண் போட்டுப் பட்டியலிடுகிறது. வேலையை விடுகிறவரைத் தொடுகிறவை அதில் சில உண்டு. 5.11 நிறுவனத்தின் பொருள்களைத் திரும்பப் பெறுவது பற்றியது. அது என் விஷயத்தில் ரசீதோடு முடிந்தது. 5.18 அணுகல் உரிமைகளைக் கொடுப்பதும் நீக்குவதும் பற்றியது. கதவை அவசரமாக மூடி, இணையதளக் கணக்கைத் திறந்தே விட்டீர்கள். வேலை முடிந்த பிறகும் தொடர்கிற பொறுப்புகளைப் பற்றிச் சொல்வது 6.5. அதை என்னிடம் உட்கார்ந்து பேச ஒருவரும் வரவில்லை. எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒரு படிவத்தை அனுப்பி நிரப்பச் சொன்னதோடு சரி. அதே பட்டியலில் 5.34 என்று ஒன்று இருக்கிறது. தனிமனிதத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காப்பது பற்றியது. அம்மாவின் ஸ்கேன் படங்கள் பொதுத் திரையில் திறந்தபோது அது எங்கே போனது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பென் டிரைவை நிறுவன நெட்வொர்க்கில் இருக்கிற கணினியில் செருகக் கூடாது என்பது தகவல் பாதுகாப்பின் அரிச்சுவடி. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்கிற தீங்கு மென்பொருள், இணையத்தோடு இணைக்கப்படாத கணினிகளுக்குள்ளும் நுழைந்தது யூஎஸ்பி சாதனங்கள் வழியாகத்தான். வருஷா வருஷம் நீங்களே எங்களுக்கு ஆன்லைன் பயிற்சி வைத்து, கடைசியில் தேர்வும் வைத்து, இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறீர்கள். நான் அதில் தேறியவள். என் பென் டிரைவில் வைரஸ் இருந்திருந்தால், நிறுவனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நடந்த சோதனையே அதை உள்ளே விட்டிருக்கும்.

சட்டப் பேச்சு என்றால் நீங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். வேலையிடத்தில் நடக்கும் வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-வது உடன்படிக்கையை ஏற்றது. 2021 ஜூன் 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எல்லா நாடுகளும் இன்னும் அதில் சேரவில்லை. ஆனால் உலகம் முழுவதும் உள்ள அரசுகளும் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது அது. யாரையெல்லாம் காக்க வேண்டும் என்று சொல்கிற 2-வது பிரிவில், வேலை முடிவுக்கு வந்தவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். "அவர் இப்போது எங்கள் ஊழியர் இல்லையே" என்று கைகழுவ அதில் இடம் இல்லை. இன்னொரு விஷயம், ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது துன்புறுத்தல்தான் என்று முதல் பிரிவே சொல்கிறது. அதற்கும் முன்னால், 1948-ல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12-வது பிரிவு, ஒருவருடைய அந்தரங்கத்தில் மனம்போனபடி தலையிடுவதையும் அவருடைய மானத்தையும் நற்பெயரையும் தாக்குவதையும் ஒரே மூச்சில் சேர்த்துத்தான் தடுக்கிறது. என் விஷயத்திலும் இரண்டும் ஒரே மேசையில் ஒன்றாகத்தான் நடந்தன.

எனக்கு ஒரு நாள் நடந்தது, துப்புரவுப் பணியாளர்களுக்கும் கேன்டீனில் வேலை செய்கிறவர்களுக்கும் தினமும் நடக்கிறது. இதை நான் கவனிக்காமல் இருந்ததில்லை. ஊழியர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், மெயிலிலும் எழுதினேன், உங்கள் கோப்பில் இருக்கும். வேலை முடிந்து களைத்துப்போய் வருகிற பெண்கள் பின்வாசலில் வரிசையில் நின்று, பையை விரித்துக் காட்டி, உடம்பைத் தடவிப் பார்க்க விட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நிற்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. முன்வாசலில் பெரிய அதிகாரிகளின் கார்கள் டிக்கியைத் திறக்காமலே வெளியே போகின்றன. துணைத் தலைவர் ஒருவர் வேலையை விட்டபோது மாலை போட்டு, குழுவாக நின்று படம் எடுத்து, கார் வரைக்கும் போய் வழியனுப்பினீர்கள். அவர் கையில் இருந்த பெட்டியை யாரும் திறக்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கிடைத்த மரியாதை மற்றவர்களுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறேன். நிறுவனத்துக்கு நிஜமாகவே சேதம் விளைவிக்கக்கூடிய ரகசியங்கள் யாரிடம் அதிகம் இருந்தன, அவரிடமா, தரை துடைக்கிற அம்மாவிடமா?

இந்தச் சோதனை வரிசை பற்றி வேறு இடங்களில் வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கிடங்குத் தொழிலாளர்கள், வேலை முடிந்து சோதனைக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்டுப் போனார்கள். 2014-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டப்படி கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆனால் கலிபோர்னியாவில் ஆப்பிள் கடை ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 2020 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. முதலாளி கட்டாயப்படுத்தி, முதலாளியின் நன்மைக்காக, முதலாளியின் கட்டுப்பாட்டில் நிற்க வைக்கிற நேரம் வேலை நேரம்தான், அதற்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது. இரண்டாவது தீர்ப்பில் இருக்கிற நியாயம் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் புரியும்.

நானாவது நானாக விட்டு வந்தவள். நிறுவனமே அனுப்பிவிடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் ஆட்குறைப்பு செய்தபோது, அலுவலகங்களைத் தற்காலிகமாக மூடி, எல்லோருடைய நுழைவு அட்டைகளையும் முடக்கியது. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பதையே மெயில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. பெரிய இடத்தில் இப்படிச் செய்தால் சின்ன இடங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. வேலை போன செய்தியே ஒருவரை உலுக்கிவிடும். அந்த நேரத்தில் அவரை ஊர் பார்க்க இரண்டு காவலர்களுக்கு நடுவில் நடக்க வைப்பதும் பையைக் கொட்டச் சொல்வதும் எந்தத் தகவலையும் காப்பாற்றாது. உள்ளே மிச்சம் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு நமக்கும் இதுதான் என்று அவர்களுக்குப் புரிகிறது. அப்புறம் அவர்களிடம் நீங்கள் எந்த வாயால் விசுவாசத்தை எதிர்பார்ப்பீர்கள்?

நான் கேட்பது இவைதான்.

முதலில், சோதனை விதியை எழுத்தில் கொடுங்கள். யாரை, எதற்காக, எந்தெந்தப் பொருள்களை மட்டும் சோதிக்கலாம், மறுத்தால் அடுத்து என்ன என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பேப்பர் போட்ட அன்றே அதன் பிரதி ஊழியர் கையில் இருக்க வேண்டும். பதவி பார்க்காமல், துணைத் தலைவரிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். அது எழுதப்படும் வரைக்கும், இப்போது வாய்மொழியாகக் கொடுத்திருக்கிற உத்தரவை நிறுத்தி வையுங்கள்.

சோதித்தே ஆக வேண்டும் என்றால் தனியறையில், பெண்களைப் பெண் காவலர் மட்டுமே, ஊழியர் விரும்பினால் அவர் சார்பில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெண் காவலர் இல்லாத நேரத்தில் சோதனையும் கூடாது. மருந்தும் மாதவிலக்குப் பொருள்களும் எந்தக் காரணத்துக்காகவும் சோதனைக்கு உட்பட்டவை ஆகாது. சொந்தக் கைப்பேசியைக் காவலர் கேட்கவே கூடாது. பென் டிரைவ் போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் ஐடி பிரிவு, நெட்வொர்க்கில் இல்லாத கணினியில், உரிமையாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பார்க்கட்டும். எதையாவது எடுத்து வைத்தால் அந்த இடத்திலேயே ரசீது தர வேண்டும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற தேதியோடு.

ரிலீவிங் லெட்டரைச் சோதனையோடு முடிச்சுப் போடாதீர்கள். கார்டை வாசலில் வாங்கிய பிறகே முடக்குங்கள். கடைசி நாளில் காவலர் கூட வர வேண்டிய நிஜமான காரணம் இருந்தால், அந்தக் காரணத்தை முன்னாலேயே அந்த ஊழியரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பின்வாசலில் நிற்கிறவர்களின் காத்திருப்பு நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துச் சம்பளம் கொடுங்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடுவது என்று என் இடத்தில் இருப்பவருக்குத் தெரியும், நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து, என் விஷயம். அன்றைய சிசிடிவி பதிவையும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் அழியாமல் எடுத்து வையுங்கள், ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். வரவேற்பறைக் கணினியில் அம்மாவின் படங்கள் எதுவும் தங்கியிருந்தால் அழித்துவிட்டு, அழித்ததை ஐடி பிரிவு எழுத்தில் உறுதி செய்யட்டும். என் நோட்டுப் புத்தகத்தை ஒரு பக்கமும் குறையாமல் திருப்பித் தாருங்கள். என் மீது எந்தச் சந்தேகமும் இல்லை, எந்தப் பொருளும் என்னிடம் பிடிபடவில்லை என்று நான் வேலை பார்த்த தளத்தில் இருக்கிற எல்லோருக்கும் மெயில் மூலம் தெரிவியுங்கள். எல்லோர் முன்னாலும் நடந்ததை எனக்கு மட்டும் தனியாகக் கடிதம் எழுதிச் சரிசெய்ய முடியாது.

இந்த மடலைக் காரணம் காட்டி அன்று பணியில் இருந்த காவலர்களில் யாரையும் வேலையை விட்டு நீக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. ஏஜென்சியிடம் சொல்லி நீக்கவைப்பதும் கூடாது. அவர்களுக்கு எழுதிய விதியையும் முறையான பயிற்சியையும் கொடுங்கள். உத்தரவு போட்டவர் யார் என்பதை விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும். எனக்கு மட்டும் வந்தால் போதாது, இன்று அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் படிக்கும்படி அறிவிப்பாக வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பளக் கணக்குப் பிரிவின் முன்னாள் ஊழியர்